நாலு அங்குல இடைவெளி

மெக்சிகோ வளைகுடாவில் இறால் படகைச் சோதிக்க ஏறும் அமெரிக்க அதிகாரி, ஒரு அளவு நாடாவும் கோணம் பார்க்கும் கருவியும் கொண்டு வருவார். வலையைத் தூக்கிக் கட்டச் சொல்வார். மடி என்னும் இழுவை வலையின் வால்பகுதிக்குக் கொஞ்சம் முன்னால், வலைக் குழாய்க்குள், ஜன்னல் கிராதி மாதிரி ஒரு கம்பிச் சட்டம் சாய்வாகத் தைக்கப்பட்டிருக்கும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. சாய்வு 55 டிகிரியைத் தாண்டக் கூடாது. கம்பிச் சட்டத்தை ஒட்டி வலையில் வெட்டியிருக்கும் திறப்பை இழுத்துப் பிடித்து அளந்தால், ஆழ்கடல் வகை ஒன்றுக்கு 71 அங்குலமாவது வர வேண்டும். அந்தத் திறப்பை மூடித் தொங்கும் வலைத்துண்டு கையால் தள்ளினால் விலக வேண்டும். நூல் போட்டுத் தைத்திருந்தால் வழக்குத்தான்.

இந்தக் கிராதிக்குப் பெயர் ஆமை விலக்குக் கருவி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'டெட்' என்பார்கள்.

இவ்வளவு பெரிய கடலுக்குப் போட்ட சட்டம் அங்குலக் கணக்கில் நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். மீன்பிடிக் கருவிகள் மேல் போடப்படும் சட்டங்களுக்கெல்லாம் இந்தக் குணம் உண்டு. நடுக்கடலில் யார் என்ன செய்கிறார்கள் என்று எந்த அரசாலும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எதை அளக்க முடியுமோ அதைச் சட்டம் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த அளவை எங்கே வைத்துப் பார்க்கிறார்கள், கடலிலா, துறைமுகத்திலா, சந்தையிலா என்பதைப் பொறுத்தே சட்டம் வேலை செய்கிறது அல்லது காகிதத்தோடு நின்றுவிடுகிறது. வளைகுடா இறால் வலையின் கதை இந்த மூன்று இடங்களையும் தொட்டு, கடைசியில் கொச்சிக்கும் காசிமேட்டுக்கும் வந்து சேர்கிறது.

இறால் சின்னது, அங்கேதான் சிக்கல்

இழுவை மடி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். படகு முன்னே போக, வலையின் இரண்டு பக்கமும் கட்டிய கனமான பலகைகள் தண்ணீரின் எதிர்ப்பில் விலகி வலை வாயை விரித்துப் பிடிக்கின்றன. வாய்க்கு முன்னால் ஒரு சங்கிலி தரையைக் கிளறிக்கொண்டு போகும். மணலிலும் சேற்றிலும் பதுங்கியிருக்கும் இறால் துள்ளி எழும். பின்னாலேயே வரும் வலை அதை வாரிக்கொள்ளும். எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் இருக்கும் பையில் சேரும்.

இறால் சின்ன உயிர். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் வலையின் ஓட்டையான கண்ணியும் சின்னதாகத்தான் இருந்தாக வேண்டும். சின்னக் கண்ணி இறாலை மட்டும் பொறுக்கி எடுக்காது. வாய்க்கு முன்னால் இருந்ததெல்லாம் உள்ளே வரும். வளைகுடாவில் 1990களில் எடுத்த கணக்குப்படி, ஒரு கிலோ இறாலோடு சுமார் நாலு கிலோ மீன் சேர்ந்து வந்தது. அதில் பெரும்பகுதி செத்துக் கடலுக்கே திரும்பப் போனது. ரெட் ஸ்னாப்பர் என்னும் விலையுயர்ந்த மீனின் குஞ்சுகள் அதில் ஏராளம். 1998 முதல் வளைகுடா இறால் வலைகளில் மீன் தப்பிக்கும் துளை ஒன்றும் கட்டாயமானது அதனால்தான். ஆமைக் கிராதி வேறு, இது வேறு.

இந்த எல்லாம் வாரும் குணத்தைக் கட்டுப்படுத்த அரசுகள் பலவிதமாக முயன்றிருக்கின்றன. ஃபுளோரிடாவில் 1994 நவம்பரில் மக்களே வாக்களித்து மாநில அரசியலமைப்பில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலைகளுக்கு முழுத் தடை. கரையோரக் கடலில் மற்ற வலைகள் எதுவும் 500 சதுர அடி பரப்பைத் தாண்டக் கூடாது. சென்னையில் ஒரு படுக்கையறை வீட்டுக்குச் சொல்லும் கணக்கு அது. இறால் மடிக்கும் அதே கணக்குத்தான். 1995 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வலைக்கு இத்தனை சதுர அடி என்று ஒரு மாநிலம் தன் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருப்பது வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காத காட்சி.

கண்ணி அளவு இன்னொரு வழி. கேரளச் சட்டம் இழுவை மடியின் பைப்பகுதிக்கு 35 மில்லிமீட்டர் கண்ணி என்கிறது. கண்ணி சதுரமாக இருக்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. வடிவத்தைப் போய் ஏன் சட்டத்தில் எழுத வேண்டும் என்று தோன்றலாம். வழக்கமான வலையில் கண்ணி சாய்சதுரமாக இருக்கும். கரையில் விரித்து வைத்து அளந்தால் அளவு சரியாக வரும். கடலில் பாரம் ஏறி இழுபடும்போது அதே கண்ணி நீளவாக்கில் மூடிக்கொண்டு கோடு மாதிரி ஆகிவிடும், குஞ்சு மீன்கூடத் தப்ப முடியாது. சதுரக் கண்ணி இழுத்தாலும் திறந்தே இருக்கும். துறைமுகத்தில் அளந்த அளவும் கடலில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் வடிவத்தைச் சொல்கிறார்கள். அதையும் ஏமாற்ற வழி உண்டு, பைக்குள்ளே இன்னொரு சின்னக் கண்ணிப் பையை வைத்துத் தைத்துவிட்டால் போதும்.

சரி, ஆமைக்கு வருவோம். கடலாமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. அமைதியாக இருக்கும்போது நீண்ட நேரம் மூச்சடக்கித் தண்ணீருக்கடியில் கிடக்கும். வலைக்குள் மாட்டினால் பதறி அடித்துக்கொண்டு நீந்தும், உள்ளிருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். இறால் வலையை இரண்டு மணி, மூன்று மணி நேரம் இழுப்பது சகஜம். மேலே தூக்கும்போது ஆமை மூழ்கிச் செத்திருக்கும். சிலது செத்த மாதிரிக் கிடந்து, கடலில் தூக்கிப் போட்ட பிறகு நிஜமாகவே சாகும்.

சொறி மீனுக்குச் செய்த கதவு

ஆமை விலக்குக் கருவியின் பிறப்பு வேடிக்கையானது. ஜார்ஜியா மாநிலத்தின் டேரியன் என்ற ஊரில் சிங்கி பூன் என்றொரு இறால் மீனவர் இருந்தார். 1960களில் அவருக்கு ஆமை பெரிய கவலையாக இல்லை. பருவத்தில் பெருகி வரும் ஜெல்லி மீன், நம் கடற்கரையில் சொறி என்பார்களே, அதுதான் தொல்லை. பந்து பந்தாக வந்து பையை நிரப்பிவிடும். வலை கனத்துக் கிழியும், இறால் நசுங்கும். அவர் வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தை வைத்தார், அதன் எதிரே வலையை வெட்டி ஒரு வழி விட்டார். இறால் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து பைக்குப் போனது. பெரியதெல்லாம் கம்பியில் மோதிச் சறுக்கி வெளியே போனது. வெளியே போனவற்றில் ஆமையும் இருந்தது.

அதே காலத்தில் மெக்சிகோவின் வடகிழக்குக் கரையில் ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. ராஞ்சோ நுவேவோ என்ற கடற்கரையில்தான் கெம்ப்ஸ் ரிட்லி ஆமைகளில் ஏறக்குறைய எல்லாமே முட்டையிட வரும். நம் பங்குனி ஆமைக்கு நெருங்கிய பங்காளி அது. 1947இல் அங்கே எடுத்த ஒரு படச்சுருளைப் பார்த்து, ஒரே நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் கரையேறியிருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். 1985இல் அந்தப் பருவம் முழுவதற்கும் எண்ணிய கூடுகள் 702. ஒரு ஆமை பருவத்துக்கு இரண்டு மூன்று முறை முட்டையிடும் என்பதால் மிஞ்சியிருந்த தாய் ஆமைகள் சில நூறுதான். முட்டை திருட்டும் இதற்குக் காரணம். மெக்சிகோ அரசு 1966 முதலே கரையில் காவல் போட்டிருந்தது. கரையில் காத்த குஞ்சு வளர்ந்து கடலில் இறால் மடிக்குள் போனால் காவலுக்கு என்ன பயன்?

அமெரிக்கக் கடல் மீன்வளத் துறை கிராதியை மேம்படுத்தி, 'விருப்பமுள்ளவர்கள் மாட்டிக்கொள்ளுங்கள்' என்று சில வருடங்கள் சொல்லிப் பார்த்தது. மாட்டியவர்கள் சொற்பம். 1987இல் சட்டமாக்கினார்கள். அதற்குப் பிறகு வெடித்த சண்டையை வளைகுடாக் கரையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். டெட் என்ற மூன்றெழுத்துக்கு 'இழுவைப் படகை ஒழிக்கும் கருவி' என்று மீனவர்களே வேறு விரிவு கொடுத்தார்கள். திறப்பு வழியாக இறாலும் போகிறது, கம்பியில் கட்டையும் குப்பையும் அடைத்துக்கொண்டு வலையே வீணாகிறது என்பது அவர்கள் வாதம். முதலில் வந்த சில வடிவங்கள் பெரியதும் கனமானதுமாக இருந்தன. கடல்தரையில் குப்பை அதிகமுள்ள பகுதிகளில் நஷ்டம் இருந்தது உண்மைதான்.

லூசியானா மாநிலம் 1987இலேயே ஒரு சட்டம் போட்டது, எங்கள் மாநில அதிகாரிகள் இந்த மத்திய விதியை அமல்படுத்தக் கூடாது என்று. 1989 ஜூலை 22 அன்று நூற்றுக்கணக்கான இறால் படகுகள் டெக்சாஸின் அரான்சாஸ் பாஸ், கால்வெஸ்டன் முதலான கப்பல் வழிகளை அடைத்து நின்றன. எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் உள்ளே போக முடியவில்லை. கடலோரக் காவல் படை தண்ணீர் பீய்ச்சிக் கலைக்கப் பார்த்தது. அன்றைய வணிகத் துறைச் செயலர் ராபர்ட் மோஸ்பேக்கர் ஓரிரு நாளில் விதியை நிறுத்தி வைத்தார். சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. உடனே ஒரு சமரசம் வந்தது. கிராதி வேண்டாம், ஆனால் 105 நிமிடத்துக்கு ஒரு முறை வலையைத் தூக்கிவிட வேண்டும்.

நான் கவனித்த வரை இந்தக் கதையின் திருப்பம் இந்த 105 நிமிடம்தான். காகிதத்தில் அது நியாயமான ஏற்பாடு. கருவிச் செலவு இல்லை, ஆமைக்கும் சாவு குறையும். ஆனால் நடுக்கடலில் ராத்திரி வலையை எத்தனை மணிக்கு இறக்கினார்கள், எத்தனை மணிக்குத் தூக்கினார்கள் என்று யார் பார்ப்பது? ஒரு படகைப் பிடிக்க இன்னொரு படகு இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பலர் அதை மதிக்கவில்லை. சில வாரங்களிலேயே, 1989 செப்டம்பரில், கிராதி திரும்ப வந்துவிட்டது. நேரத்தை அளக்க முடியாது, கம்பியை அளக்கலாம் என்பதை அரசு கற்றுக்கொண்டது அப்போதுதான். மறு வருடம், 1990இல், அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் கொடுத்த அறிக்கை வாயடைக்க வைத்தது. இறால் வலையில் வருடத்துக்கு 5,000 முதல் 50,000 வரை பெருந்தலை ஆமைகளும், 500 முதல் 5,000 வரை கெம்ப்ஸ் ரிட்லி ஆமைகளும் சாகின்றன, மனிதனால் கடலாமைக்கு நேரும் மற்ற சாவுகளையெல்லாம் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது என்றது அது. அதற்கப்புறம் கிராதி படிப்படியாக எல்லாப் பருவத்துக்கும் எல்லா நீருக்கும் விரிந்தது.

2003இல் ஒரு திருத்தம். முன்பு அனுமதித்த திறப்பு வழியாகச் சின்ன ஆமைதான் போக முடிந்தது. முழுசாக வளர்ந்த பெருந்தலை ஆமையும், ஆமைகளிலேயே மிகப் பெரிய ஏழுவரி ஆமையும் உள்ளேயே மாட்டிச் செத்தன. முட்டையிடும் வயதுத் தாயைக் கொன்றுவிட்டுக் குஞ்சைக் காப்பாற்றி என்ன லாபம்? அதனால்தான் முதலில் சொன்ன 71 அங்குலம் வந்தது.

ராஞ்சோ நுவேவோவிலும் பக்கத்துக் கரைகளிலும் கூடுகள் மெல்ல ஏறின. 2009இல் இருபதாயிரத்தைத் தாண்டின. அடுத்த வருடம், வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த 2010இல், திடீரென்று சரிந்தன. அதற்கப்புறம் ஏற்றமும் இறக்கமுமாகத்தான் போகிறது. இந்த மீட்சியில் கரையில் முட்டை காத்தவர்களுக்கு எவ்வளவு பங்கு, வலையில் கம்பி வைத்ததற்கு எவ்வளவு பங்கு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் போதாது என்று தாராளமாகச் சொல்லலாம்.

நேரக் கணக்கு அதோடு முழுசாக ஒழிந்ததா என்றால் இல்லை. லூசியானாவின் ஆழமில்லாத காயல்களில் ஸ்கிம்மர் என்றொரு வலை உண்டு. படகின் இரண்டு பக்கமும் சட்டகம் கட்டி, தண்ணீரில் இறக்கித் தள்ளிக்கொண்டே போவார்கள். வலை முழுவதையும் ஏற்றாமல் வாலை மட்டும் தூக்கி இறாலைக் கொட்டிக்கொள்ளலாம். அடிக்கடி தூக்குவார்கள்தானே என்று நம்பி இதற்குக் கிராதி கேட்கவில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 55 நிமிடம், மற்ற மாதங்களில் 75 நிமிடம் என்று வரம்பு மட்டும் வைத்தார்கள். யார் கடிகாரம் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். 2012இல் இதற்கும் கிராதி போடலாம் என்று கிளம்பியபோது புதிய சிக்கல் தெரிந்தது. ஆழமில்லாத நீரில் மாட்டும் ஆமைகள் அவ்வளவு சின்னவை, நாலு அங்குல இடைவெளியில் இறாலோடு சேர்ந்து தாங்களும் நுழைந்து பைக்குள் போய்விடும். திட்டத்தைச் சுருட்டி வைத்தார்கள். பிறகு மூன்று அங்குலக் கணக்கில் கம்பி நெருக்கி, 2019 டிசம்பரில் விதி வந்தது, 2021 ஆகஸ்டில் அமலானது. அதுவும் 40 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள ஸ்கிம்மர் படகுகளுக்கு மட்டும். 39 அடிப் படகின் வலையில் மாட்டும் ஆமைக்குப் பழைய கடிகாரம்தான்.

சந்தையில் வைத்து அளந்தால்

வளைகுடா மீனவர்களின் இன்னொரு குமுறல் நியாயமானது. 'நாங்கள் மட்டும் கம்பி வைத்து இறாலை விட, வெளிநாட்டான் கம்பி இல்லாமல் பிடித்து இங்கேயே கொண்டுவந்து மலிவாக விற்பானா?' இதற்குப் பதிலாக வந்ததுதான் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 609ஆம் பிரிவு. ஆமைக்கு ஆபத்தான முறையில் பிடித்த இறாலை அமெரிக்காவுக்குள் விட மாட்டோம், எங்கள் விதிக்கு இணையான விதி உங்களிடம் இருந்தால் சான்று தருவோம் என்பது சாரம். முன்னின்றவர்கள் லூசியானாவின் செனட்டர்கள். தன் அதிகாரிகள் அமல்படுத்தக் கூடாது என்று லூசியானா தடுத்த அதே கம்பியை, உலகம் முழுக்க மாட்டச் சொல்லும் பிரிவை அதே லூசியானாவின் ஆட்கள் கொண்டுவந்தார்கள். மீன்பிடிச் சட்டத்தில் இப்படிப்பட்ட முரண்கள் சாதாரணம்.

முதலில் கரீபியன் பக்கத்து 14 நாடுகளுக்குத்தான் அது பொருந்தியது. அமெரிக்க வணிக நீதிமன்றம் ஒன்று, சட்டத்தில் எல்லை எதுவும் இல்லையே என்று சொல்லி, 1996 மே 1 முதல் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்றது. கரீபியன் நாடுகளுக்கு மூன்று வருட அவகாசம் கிடைத்திருந்தது. ஆசிய நாடுகளுக்குக் கிடைத்தது நாலு மாதம்.

இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு தந்த தீர்ப்பைப் பலரும் பாதி மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா தோற்றது, அது சரி. ஆனால் தீரக்கூடிய இயற்கை வளத்தைக் காக்க இறக்குமதியைத் தடுக்கலாம், ஆமையும் அப்படிப்பட்ட வளம்தான் என்று அமைப்பு ஒப்புக்கொண்டது. தவறாகப் பார்த்தது அமல்படுத்திய விதத்தைத்தான். சில நாட்டோடு உட்கார்ந்து பேசி உடன்படிக்கை போட்டாய், சில நாட்டுக்கு உத்தரவு போட்டாய், இது பாகுபாடு என்றது. அமெரிக்கா வழிமுறைகளைத் திருத்தியது. எங்கள் கம்பியேதான் வேண்டும் என்பதை விட்டு, அதற்கு நிகரான பலன் தரும் ஏற்பாடு இருந்தாலும் போதும் என்றது. மலேசியா மறுபடியும் வழக்குப் போட்டு 2001இல் தோற்றது. தடை நிலைத்துவிட்டது.

அடுத்த கட்டம்தான் எனக்குச் சுவையாகப் படுகிறது. 609ஆம் பிரிவு கடலில் பிடித்த இறாலுக்குத்தான். குளத்தில் வளர்த்த இறாலுக்கு விலக்கு உண்டு, அங்கே ஆமை கிடையாதே. 1990களுக்குப் பிறகு உலக இறால் வியாபாரம் கடலை விட்டுக் குளத்துக்கு நகர்ந்துவிட்டது. இந்தியாவும் 2009இல் வனாமி இறால் வளர்க்க அனுமதி தந்தது. அமெரிக்கர்கள் சாப்பிடும் இறாலில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி, அதில் இந்திய வனாமிக்கு முதன்மையான இடம். அதை எந்தக் கம்பியும் தடுக்காது. வளைகுடா மீனவரைக் காக்கப் போட்ட சட்டம், அவரை உண்மையில் விலையில் அடித்து வீழ்த்திய போட்டியாளரைத் தொடவே இல்லை. வலைக்குப் போட்ட சட்டம் வலையே இல்லாத தொழிலை எப்படிப் பிடிக்கும்?

லூசியானாவை வழிக்குக் கொண்டுவந்ததும் கடைசியில் சந்தைதான். கலிபோர்னியாவின் மான்டெரே வளைகுடா மீன்காட்சியகம் எந்தக் கடலுணவை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. பெரிய அங்காடிகளும் உணவகங்களும் அதைப் பார்த்துத்தான் கொள்முதல் செய்கின்றன. லூசியானா இறாலில் பெரும்பகுதி 'தவிர்க்கவும்' என்ற பட்டியலில் விழுந்தது. காரணம், அந்த 1987 சட்டம். இறால் விற்காது என்றதும், இருபத்தெட்டு வருடம் எந்த வழக்கும் எந்தப் போராட்டமும் அசைக்காத அந்தச் சட்டத்தை மாநிலமே 2015இல் ரத்து செய்தது. மீனவர்களே ரத்து செய்யச் சொல்லிக் கேட்டார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

நம் கரையில்

2019 முதல் இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, ஆமைக் கருவி சரியாக நடைமுறையில் இல்லை என்ற காரணத்தால். வனாமிக்கு இதனால் பாதிப்பில்லை. அடி விழுந்தது கேரளத்தின் கரிக்காடி போன்ற கடல் இறால் பிடிப்பவர்களுக்கு. ஒரு பெரிய சந்தை மூடியதும் மற்ற சந்தைகள் விலையைக் குறைத்துக் கேட்கும், இது எந்த வியாபாரத்திலும் நடப்பதுதான். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியப் படகுகளுக்கு ஏற்ற கிராதி ஒன்றை முன்பே வடிவமைத்திருந்தது. தடைக்குப் பிறகு அமெரிக்க வல்லுநர்களோடு சேர்ந்து அதைத் திரும்பச் சோதித்துத் திருத்தினார்கள். கருவியின் விலையை மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பகிர்ந்து முழுசாக ஏற்கும் திட்டமும் வந்தது. சும்மா கொடுத்தாலும் மாட்டுவார்களா என்பது தனிக் கேள்வி.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நடந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. நீலாங்கரையிலிருந்து கோவளம் வரை மணலில் செத்த பங்குனி ஆமைகள். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. தண்ணீருக்குள் மூச்சுத் திணறிச் செத்ததன் அடையாளம் அது. சென்னை, செங்கல்பட்டுக் கரையில் மட்டும் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. முட்டையிட வரும் ஆமை கரைக்கு அருகே கூடி நிற்கும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்ற விதி அந்த ஆமைக்கும், அதே நீரில் பிழைக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் சேர்த்துத்தான் உதவுகிறது. ஆனால் கடல் மேல் 5 மைல் கோடு எங்கே தெரிகிறது? கோட்டைக் காண்பதற்காக, படகு எங்கே நிற்கிறது என்று சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை விசைப்படகுகளில் பொருத்தத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய 105 நிமிடத்தைப் பிடிக்க முடியாமல் போனதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இப்போது கரையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் வலை மேல் விதிகள் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் தொடங்கி வரிசையாக உண்டு. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் ரெட்டை மடிக்குத் தடை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. எஞ்சின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது. கடைசியாகச் சொன்னதும் ஒரு வகையில் வலை அளவுதான், எஞ்சின் பெரிசானால் அதே படகு பெரிய மடியை வேகமாக இழுக்கும். இவற்றில் நன்றாக நடப்பது 61 நாள் தடை. காரணம் எளிது. அளக்க வேண்டியதே இல்லை, படகு துறைமுகத்தில் கட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கை 2017இல் அடிமடி இழுவையையே முழுசாகத் தடை செய்ததும் இந்த மாதிரிதான். அங்குலம், கோணம், நிமிடம் எதுவும் வேண்டாம், அடிமடி இழுத்தாலே குற்றம்.

கிராதி இங்கே சுலபமாக ஏறாததற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. வளைகுடாப் படகு இறாலுக்காகவே போகிறது. கம்பியில் மோதி வெளியே போவது எதுவாக இருந்தாலும் அங்கத்து மீனவருக்குப் பாரம் குறைந்தது என்று அர்த்தம். காசிமேட்டில் விடியற்காலையில் நின்று ஏலம் பார்த்தால் இங்கே கணக்கு வேறு என்று தெரியும். ஒரே மடியில் வந்த இறால் ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை, நண்டு, சங்கரா, கிழங்கான், திருக்கை தனித்தனியாக. யாரும் சாப்பிடாத பொடிமீனுக்குக் கழிசல் என்று பெயர், அதற்கும் கோழித் தீவனக்காரரிடம் விலை உண்டு. டீசல், ஐஸ், ஆட்கள் பங்கு எல்லாம் இந்தக் கூடைகளைக் கூட்டித்தான் கட்டுப்படியாகிறது. நாலு அங்குல இடைவெளியில் இறால் போகும், சங்கரா போகும், கணவாய் போகும். அகலமான திருக்கை போகாது. ஆமை மோதும் அதே கம்பியில் மோதி, ஆமை போகும் அதே வழியில் வெளியே போகும். கருவியை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தில் அந்தத் திருக்கைக்கான விலை எந்தக் கணக்கிலும் வரவில்லை.